பட்டறையில் முதல் கத்தி செய்யக் கொடுக்கிறீங்களா? 9 இன்ச் கணக்கு முதல் மான் கொம்புப் பிடி வரை... கவனிக்க வேண்டியது என்ன?

கடையில் தொங்கும் கத்தியை எடுத்தோமா, பில் போட்டோமா, வந்தோமா என்று வாங்கிவிடலாம். ஆனால் கொல்லப்பட்டறைக்குப் போய் "எனக்குன்னு ஒரு கத்தி அடிச்சுத் தாங்க அண்ணாச்சி" என்று கேட்டால், விலைக்கு முன்னாடி வரும் கேள்வி "எதுக்கு?" என்பதுதான்.

நெல்லை மாவட்டம் களக்காடு வாழைக்குப் பேர் போன ஊர். தார் வெட்ட அரிவாள், இலை அறுக்க கம்பு நுனியில் கட்டும் சின்னக் கத்தி, பக்கக்கன்று எடுக்க இன்னொன்று என வேலைக்கு ஒரு கருவி இருக்கும். அதனால் எதுக்கு என்று தெரியாமல் ஆசாரியால் இரும்பை உலையில் வைக்கவே முடியாது. ஆனால் இப்போது அந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது.

ஏன் பேரு, ஊரு எல்லாம் கேக்குறாங்க?

2021 செப்டம்பரில் தென் மாவட்டங்களில் அடுத்தடுத்து கொலைகள் நடந்தபோது, தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகள் வேட்டை நடத்தியது. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகளுக்கும் சில அறிவுரைகளைச் சொன்னார். வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண், என்ன தேவைக்கு வாங்குகிறார் என்பதைக் குறித்து வைக்க வேண்டும், பட்டறையில் சிசிடிவி வைக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை.

2023 ஆகஸ்டில் பக்கத்து ஊரான நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவரது தங்கையும் வீட்டுக்குள் வைத்தே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியதாகப் பிடிபட்டவர்களும் பள்ளி மாணவர்களே. இப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு, முகம் தெரியாத இளைஞர் ஒருவர் வந்து "நல்லா நீளமா வேணும்" என்று கேட்டால் பட்டறைக்காரர் தயங்கத்தான் செய்வார். அவர் அடித்த கத்தி ஒரு வழக்கில் சிக்கினால், விசாரணைக்கு அலைய வேண்டியது அவரும்தான். அதனால் அவர் கேட்பதற்குள் ஆதார் நகலை நீங்களே நீட்டுவது நல்லது.

9 இன்ச், 2 இன்ச் கணக்கு என்ன?

ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் கீழ் உள்ள 2016-ம் ஆண்டு விதிகளில் வாள், குத்துவாள், ஈட்டி போன்றவை ஐந்தாவது வகை ஆயுதங்கள். அலகு 9 இன்ச்சுக்கு மேல் நீளமாகவோ 2 இன்ச்சுக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகளும் இதே வகையில் வருகின்றன. மத்திய அரசு அறிவிக்கை செய்துள்ள பகுதிகளில் இவற்றை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்.

அப்போ வீட்டுக்கு வீடு இருக்கும் அரிவாள்? அதற்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டவை இந்தக் கணக்கில் வராது. "மட்டுமே" என்ற சொல்தான் இங்கே முக்கியம். தார் வெட்டும் அரிவாள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது விவசாயக் கருவி. ஆனால் இரண்டு பக்கமும் கூர் வைத்து, குத்துவதற்கு வாகாக முனை எடுத்த ஒன்றை தேங்காய் கீறத்தான் வாங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. விவசாய அரிவாளையே இரவு 11 மணிக்கு பைக் சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போனாலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

சினிமாவில் பார்த்துவிட்டு "பட்டன் கத்தி மாதிரி" என்று கேட்பவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் செய்யப்பட்ட ராம்புரி கத்தி இந்தி சினிமா வில்லன்களால் ஊர் ஊராகப் பிரபலமானது. 1990-களில் நீளமான அலகுக்குத் தடை வந்ததும் அந்தத் தொழிலே சுருங்கிப்போனது. 2023-ல் ராம்பூரில் சுமார் 20 அடி உயர ராம்புரி கத்தியை சாலைச் சந்திப்பில் நிறுத்தி வைத்தார்கள்.

தலையணைக்கு கத்தியோட போகலாமா?

கூடாது. பலருக்கும் தெரியாத விஷயம் இது. களக்காட்டுக்கு மேற்கே தலையணை அருவி இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது, 1988-ல் அமைந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 31-வது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்லும் பட்டியலில் துப்பாக்கி, கண்ணி, வலையோடு கத்தியும் இருக்கிறது. அங்கே இன்ச் கணக்கு எதுவும் இல்லை. மாம்பழம் நறுக்க எடுத்துப்போன பேனாக்கத்தியும் கத்திதான். திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கோ, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கோ போகிறவர்களும் பையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மான் கொம்புப் பிடி ஆசையும் வேண்டாம். காட்டில் தானாக உதிர்ந்து கிடந்ததுதான் என்றாலும் மான், மிளா கொம்பு அரசின் சொத்து. அதை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். புளி, வாகை, கருவேலம் என கெட்டியான மரங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கொம்புதான் வேண்டுமென்றால் வீட்டு எருமைக் கொம்பு போதும்.

மடக்குக் கத்தியா, நேர்க் கத்தியா?

பாக்கெட்டில் வைப்பது என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மடக்குக் கத்தி. அந்தக் காலத்தில் இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால்தான் அதற்கு பேனாக்கத்தி என்று பெயர். பார்க்க எளிதாக இருந்தாலும் செய்வது கஷ்டம். அலகு ஒரு பதத்தில், பின்பக்க வில் இன்னொரு பதத்தில் இருக்க வேண்டும். ஆணி ஓட்டை ஒரு மயிரிழை விலகினாலும் அலகு ஆடும். அரிவாள் அடித்துப் பழகிய பட்டறையில் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிரான்சில் 1890-ல் வந்த ஒப்பினெல் கத்தி போல, வில்லே இல்லாமல் ஒற்றை ஆணியில் மடியும் எளிய வகை இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் ஒப்பினெல்லிலும் பூட்டு கிடையாது. அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் வளையம் 1955-ல்தான் சேர்ந்தது. பூட்டு இல்லாத கத்தி அழுத்தும்போது மடங்கினால் விரல் போய்விடும்.

முதல் கத்திக்கு 4 இன்ச் அலகுள்ள நேர்க் கத்தியும் தோல் உறையும் தான் புத்திசாலித்தனம்.

எந்த இரும்பு?

லாரி ஸ்பிரிங் பட்டைதான் பெரும்பாலும் பட்டறைகளின் தேர்வு. கார்பன் போதுமான அளவு இருப்பதால் கூர் நிற்கும், சட்டென்று உடையாது. பழைய அரத்தில் செய்தால் கூர் அபாரமாக இருக்கும். ஆனால் கீழே விழுந்தால் முனை தெறிக்கும். கட்டடக் கம்பியை அடித்துத் தட்டையாக்கித் தந்தால் வேண்டவே வேண்டாம், நாலு நாளில் மழுங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் கிரைண்டரில் வைக்கச் சொல்லிப் பாருங்க. கார்பன் அதிகமுள்ள இரும்பில் தீப்பொறி மத்தாப்பு மாதிரி பூத்துச் சிதறும். சாதா இரும்பில் நீளக் கோடுகளாக ஓடும்.

உயிரே தோய்ச்சலில்தான் இருக்கிறது. செக்கச் சிவக்கக் காய்ந்த அலகு காந்தத்தில் ஒட்டாமல் போகும் சூடு சுமார் 770 டிகிரி செல்சியஸ். அதைக் கொஞ்சம் தாண்டியதும் எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவார்கள். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் மறுபடி இலேசாகச் சூடுகாட்டி, அலகில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்துவார்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் கண்ணாலேயே பார்க்கும் இந்தக் கணக்குக்குத்தான் ஆசாரிக்குக் கூலி. அதில் பேரம் பேசி அவசரப்படுத்தினால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

தாமிரபரணிக் கரைக்கு இரும்பு புதிதல்ல. சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை பழமையானது என்ற ஆய்வு முடிவை 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ தோண்டிய ஆதிச்சநல்லூரிலும் இரும்புக் கருவிகள் கிடைத்தன.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அலகு கோணக் கூடாது. சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். கூர் வைத்த இடத்தில் அரத்தை இலேசாக ஓட்டினால் வழுக்க வேண்டும், கடித்தால் தோய்ச்சல் சரியில்லை. பிடி உங்கள் கைக்கு அடங்குகிறதா என்பதை ஈரக்கையோடு பார்ப்பது உத்தமம். இடது கைப் பழக்கம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தி இடது கைக்கு இழுத்துக்கொண்டு போகும்.

வாழைக்கறை பட்டதும் அலகு கறுத்தால் பயப்பட வேண்டாம். கறையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், துரு அல்ல. கழுவி, துடைத்து, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். தோல் உறைக்குள் மாசக்கணக்கில் போட்டு வைத்தால்தான் துரு பிடிக்கும். தூத்துக்குடியிலிருந்து விமானம் ஏறுபவர்கள் கத்தியை கைப்பையில் வைக்காமல், உறையோடு செக்-இன் லக்கேஜில் போட வேண்டும்.