தனியாக வாழ்பவருக்கு எந்தக் காப்பீடு தேவை? தருமபுரி மாவட்ட மக்களுக்கான விளக்கம்

திருமணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், ஓசூரிலோ பெங்களூரிலோ அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர் ஆகியோர் காப்பீடு குறித்து விசாரிக்கும்போது, பெரும்பாலும் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பமே முதலில் நீட்டப்படுகிறது. தனிநபரைப் பொறுத்தவரை வரிசை வேறு. நோயுற்றால் மருத்துவச் செலவுக்கு என்ன வழி? வேலைக்குச் செல்ல இயலாத மாதங்களில் எதைக் கொண்டு வாழ்வது? நீங்கள் இல்லாமற்போனால் யாருடைய வாழ்க்கை நின்றுவிடும்? இம்மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே உள்ள உரிமைகள்

பணம் கட்டுவதற்கு முன், கட்டாமலேயே கிடைக்கக்கூடியதைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருப்பின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை, அரசு மருத்துவமனைகளிலும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும்.

தனியாக வாழ்வோர் தடுமாறுவது குடும்ப அட்டையில்தான். பயனாளியின் குடும்பம் யார் என்பது இந்த அட்டையைக் கொண்டே அறியப்படுகிறது. பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டுத் தமக்கெனப் புதிய அட்டை பெறாமல் இருப்பவர், நோய் வந்த பிறகே அதன் விளைவை உணர்கிறார். உங்கள் பெயர் இன்று எந்த அட்டையில் உள்ளது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மாத ஊதியம் ரூ.21,000-க்குள் இருந்து, உங்கள் நிறுவனம் இ.எஸ்.ஐ. சட்டத்தின்கீழ் வந்தால், ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படும், நிறுவனம் 3.25 விழுக்காடு செலுத்தும். இதன் தனிச்சிறப்பு, மருத்துவ உதவியோடு நின்றுவிடாததே. உரிய நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், நோயினால் விடுப்பில் இருக்கும் காலத்துக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை வழங்கப்படுகிறது. சமைத்துப் போடவோ வாடகை கட்டவோ வேறொருவர் இல்லாதவருக்கு இத்தொகையின் அருமை தெரியும். உங்களைச் சார்ந்த பெற்றோரும், பெற்றோர் உயிருடன் இல்லாத நிலையில் திருமணமாகாத உங்களையே முழுவதும் சார்ந்துள்ள வயதுவராத உடன்பிறந்தோரும் மருத்துவ உதவி பெறலாம்.

விபத்து

தொப்பூர் கணவாய் வழியாக நாள்தோறும் பயணம் செய்வோரிடம் விபத்துக் காப்பீட்டின் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழகச் சாலையில் விபத்துக்குள்ளான எவருக்கும், காப்பீட்டு அட்டை இல்லாவிடினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அதன் பிறகான மாதங்களே தனிநபருக்குக் கடினமானவை.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு ரூ.20 வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். விபத்து மரணத்துக்கும் முழுமையான நிரந்தர ஊனத்துக்கும் ரூ.2 இலட்சம், பகுதி ஊனத்துக்கு ரூ.1 இலட்சம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குவதால், மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இல்லையெனில் காப்பீடு விட்டுப்போகும். எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தால் இத்திட்டம் ஒன்றும் தராது. அதற்கு, தற்காலிக இயலாமைக்கு வாரந்தோறும் தொகை வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு தேவை. தினக்கூலி, ஓட்டுநர், சிறுவணிகர் ஆகியோர் இதைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம்.

தனியார் மருத்துவக் காப்பீடு

மேற்கண்ட இரு மருத்துவத் திட்டங்களிலும் சேர இயலாத வருமானம் உடையவர் இதை எடுக்க வேண்டும். நிறுவனம் அளிக்கும் குழுக் காப்பீடு வேலையை விட்டதும் முடிந்துவிடும். விலகுவதற்கு முன்பே அதைத் தனிநபர் காப்பீடாக மாற்ற இயலுமா எனக் கேளுங்கள்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இருப்பின் மறைக்காதீர்கள். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மிகக்கூடாது என்பது 2024 முதல் விதி. மறைத்தது தெரியவந்தால் இழப்பீடே மறுக்கப்படலாம். அறை வாடகை வரம்பையும் படியுங்கள். வரம்பு நாளொன்றுக்கு ரூ.3,000 ஆக இருக்க, ரூ.6,000 அறையில் தங்கினால், அறையைச் சார்ந்த பிற கட்டணங்களிலும் பாதியை நீங்களே ஏற்க நேரிடலாம். மாதாந்திர மாத்திரைச் செலவைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடமோ கட்டணமின்றிப் பெறுங்கள்.

ஆயுள் காப்பீடு

உங்கள் வருமானத்தை நம்பி எவரும் இல்லை, கடனும் இல்லை எனில், இப்போது இது தேவையில்லை. வயதான பெற்றோர், படிக்கும் தம்பி தங்கை, தந்தை பிணை நின்ற கடன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தேவை. அந்நிலையில் முதிர்வுத் தொகை தராத காலவரைக் காப்பீடே குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகையை அளிக்கும். அதற்கும் வசதியில்லாதவர், 18 முதல் 50 வயதுக்குள் இருந்தால், பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.436 செலுத்தி ரூ.2 இலட்சம் காப்பீடு பெறலாம்.

நியமனதாரர் பெயரை எழுதும்போது கவனம் தேவை. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நியமிக்கப்பட்டால் ஆயுள் காப்பீட்டுத் தொகை அவர்களுக்கே உரியது. அண்ணனையோ தோழியையோ நியமித்தால், அவர் தொகையைப் பெற்றுச் சட்டப்படியான வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே. அவருக்கே சேர வேண்டும் என விரும்பினால் உயில் எழுதுங்கள்.

மயக்கநிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவரால் தமது அட்டை எங்கே என்று சொல்ல இயலாது. ஆகவே அட்டையின் நகலை, நம்பகமான உறவினர் அல்லது அண்டை வீட்டார் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-ஐயும் அவரிடம் குறித்துக் கொடுங்கள். தனியார் நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு அளிக்கலாம்.