ஃபுளூவின் பெயரைச் சுமக்கும் பற்றீரியா

கொஞ்சம் நீளமான பதிவு. கைக்குழந்தை உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் ஒன்று "ஹிப்" நோய்க்கானது. அதன் முழுப்பெயர் ஹீமோபிலஸ் இன்புளுவென்சே வகை பி. இதைச் சிலர் "இன்புளுவென்சா பி" என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஃபுளூ காய்ச்சலைத் தரும் வைரசுகளில் ஒன்றின் பெயரும் இன்புளுவென்சா பி தான். ஆங்கிலத்தில் வைரசுக்குப் பெரிய எழுத்து, பற்றீரியாவின் வகைக்குச் சிறிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. இரண்டும் ஒரே "பி" ஆகிவிடுகின்றன.

"ஃபுளூ ஊசி போட்டும் பிள்ளைக்குத் தடிமன் வந்துவிட்டதே, இந்த ஊசியால் என்ன பயன்?" என்று ஓர் உம்மா நினைத்தால் குற்றம் அவருடையதல்ல, பெயருடையது. இந்தப் பெயர் எப்படி வந்தது?

1889 இல் ரஷ்யப் பேரரசில் தொடங்கிய கொள்ளைக் காய்ச்சல் ஐரோப்பா முழுவதும் பரவியது. பேர்லினில் ரொபர்ட் கொக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் பைஃபர், நோயாளிகளின் சளியில் மிகச் சிறிய ஒரு பற்றீரியாவைக் கண்டார். இதுவே இன்புளுவென்சாவுக்குக் காரணம் என்று 1892 இல் அறிவித்தார். பற்றீரியாவுக்கு நோயின் பெயரே சூட்டப்பட்டது. பின்னர், வளர்வதற்கு இரத்தத்திலுள்ள பொருட்கள் தேவைப்படுவதால், "இரத்தத்தை விரும்புவது" என்ற பொருளில் ஹீமோபிலஸ் என்ற முன்பெயரும் சேர்ந்தது.

அதே 1892 இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி வேறொன்றைக் காட்டினார். நோயுற்ற புகையிலைச் சாற்றை, பற்றீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்வடியால் வடித்த பின்னும் அது நோயைப் பரப்பியது. 1898 இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க், இது பற்றீரியா அல்ல, வேறு வகையான ஒன்று என்று வாதிட்டார். இலத்தீனில் நஞ்சைக் குறித்த "வைரசு" என்ற சொல், இன்றைய பொருளை நோக்கி நகர்ந்தது இப்படித்தான்.

1918 இல் உலகையே உலுக்கிய இன்புளுவென்சா வந்தது. சுமார் 5 கோடிப் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மருத்துவர்கள் பைஃபரின் பற்றீரியாவைத் தேடினார்கள். சில இடங்களில் நிறையக் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவே இல்லை. அதைக்கொண்டு தடுப்பூசிகளும் செய்தார்கள். ஃபுளூ நிற்கவில்லை. வைரசு நுரையீரலைப் பலவீனமாக்கிய பிறகு பற்றீரியாக்கள் உள்ளே புகுந்து நியூமோனியாவை உண்டாக்கின. பைஃபர் கண்டது பொய்யல்ல. ஆனால் நோயாளியின் உடலில் இருப்பது வேறு, நோய்க்குக் காரணமாக இருப்பது வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1929 இல் அதுபற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தப் பற்றீரியாவைக் குறிப்பிட்டார். பெனிசிலின் மற்றப் பற்றீரியாக்களைத் தடுத்தது, இதைத் தடுக்கவில்லை. ஆகவே இதைத் தனியாகப் பிரித்து வளர்க்க அது உதவும் என்றார்!

1933 இல் லண்டனில் ஸ்மித், அன்ட்ரூஸ், லெய்ட்லோ ஆகிய மூவரும் நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை வடித்து, ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்குக்குக் கொடுத்தார்கள். அதற்கும் ஃபுளூ வந்தது. காரணம் வைரசு என்பது உறுதியானது. அதுவே பின்னர் "ஏ" எனப்பட்டது. 1940 இல் கிடைத்த வேறொரு வைரசு "பி" ஆனது. இதற்கிடையில் 1931 இல் மார்கரெட் பிட்மன், பைஃபரின் பற்றீரியாவில் ஆறு வகைகளைப் பிரித்துக் காட்டியிருந்தார். அதில் இரண்டாவதும் "பி"!

உண்மை தெரிந்த பிறகும் பற்றீரியாவின் பெயர் மாறவில்லை. உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிப்படி, முறையாக வைத்த பெயர் பொருத்தமற்றது என்பதற்காக மட்டும் நீக்கப்படுவதில்லை.

நம் தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. புழுவைக் குறித்த "கிருமி" என்ற பழைய சொல்லால் பற்றீரியாவையும் வைரசையும் சேர்த்தே அழைக்கிறோம். எல்லாம் கிருமிதானே என்று நினைப்பவர், ஃபுளூவுக்கும் பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்கிறார். அன்டிபயோட்டிக் பற்றீரியாவுக்கு எதிரானது, வைரசை அது ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் பாவித்தால், அதற்கு அடங்காத பற்றீரியாக்கள்தான் பெருகும்.

ஆகவே எழுதும்போதும் பகிரும்போதும் இதைக் கவனியுங்கள். "இன்புளுவென்சா" நோயின் பெயர். "இன்புளுவென்சா பி வைரசு" அந்த நோயைத் தரும் வைரசுகளில் ஒன்று. "இன்புளுவென்சே" என்று முடிந்தால் அது பற்றீரியா. அதை ஹீமோபிலஸ் என்ற முன்பெயரோடு முழுமையாக எழுதுங்கள், அல்லது "ஹிப்" என்று எழுதுங்கள். "இன்புளுவென்சா பி" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

உம்மாமாரே, வாப்பாமாரே, ஹிப் தடுப்பூசி தடிமனுக்கானதோ ஃபுளூவுக்கானதோ அல்ல. ஃபுளூவுக்குரிய தடுப்பூசி வேறு. ஹிப் பற்றீரியா சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கடும் நியூமோனியாவையும், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சியையும் தரக்கூடியது. உயிர் தப்பினாலும் சிலரின் செவிப்புலன் போய்விடும். ஒரு பெயரைப் பார்த்து ஏமாந்து, அடுத்த ஊசியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.