எண்ணிக்கைக்கு வரி, அளவுக்கு இல்லை



வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஆயிரம் கல்லின் விலை கொஞ்சம் ஏறினாலும் மொத்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று. இன்று சொல்லப்போவது ஒரு கல்லின் கதை.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் மீஷம் என்றொரு ஊர். அங்கே சில பழைய வீடுகளின் சுவரில் உள்ள செங்கல், சாதாரணக் கல்லைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வீடு சிறியது, கல் பெரியது. அதற்குக் காரணம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்த ஒரு யுத்தம்.

அமெரிக்க சுதந்திரப் போரை நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். 1783இல் பிரித்தானியா தோற்றது என்பதோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் போருக்குப் பட்ட கடன் முடியவில்லை. 1784இல் பிரதமர் வில்லியம் பிட் செங்கல்லுக்கு வரி போட்டார், ஆயிரம் கல்லுக்கு 2 ஷிலிங் 6 பென்ஸ். அதிகாரிகள் வந்து, சூளையில் வைக்கும் முன்பே பச்சைக் கல்லை எண்ணினார்கள்.

இதில் ஒரு அநியாயம் இருந்தது. மாளிகைக்குப் போகும் உயர்ந்த கல்லுக்கும் கூலிக்காரன் வீட்டுக்குப் போகும் மட்டமான கல்லுக்கும் ஒரே வரி. விலை குறைந்த கல்லில்தான் வரியின் பாரம் கூடத் தெரியும்.

மீஷமில் ஜோசப் வில்க்ஸ் என்றொரு முதலாளி இருந்தார். நிலக்கரி, பஞ்சாலை, வங்கி, கால்வாய் என்று கை வைக்காத தொழில் இல்லை. சட்டம் கல்லை எண்ணுகிறதே தவிர அளக்கவில்லை என்று அவர் கண்டுகொண்டார். பெரிய கல் அறுத்தார். சுவர் அதே சுவர், வரி ஏறத்தாழப் பாதி. 'வில்க்ஸின் கொப்ஸ்' என்று அந்தக் கற்களுக்கு ஊரில் பெயரே வந்துவிட்டது.

மேசன் பாஸ்மாரைக் கேட்டுப் பாருங்கள், இது லேசான வேலை இல்லை. ஒரு கையில் மேசன் கரண்டி, மறு கையில் கல் என்று வேலை செய்பவருக்கு இரட்டைக் கல்லைத் தூக்குவது பெரும்பாடு. தடித்த கல் உள்ளுக்குள் நன்றாக வேகவும் வேண்டும். வரியை மிச்சம் பிடித்தது முதலாளி, பாரம் சுமந்தது கூலியாள்.

அரசாங்கமும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 10 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 3 அங்குலத் தடிப்புக்கு மேற்பட்ட கல்லுக்கு 1803இல் இரட்டை வரி வந்தது. பெரிய கல்லில் இலாபம் போயிற்று. 1850இல் செங்கல் வரியே எடுபட்டது.

வில்க்ஸ் 1805இல் மௌத்தாகிவிட்டார். கல் இன்னும் சுவரில் இருக்கிறது.