நீரின்மேல் ஆவி

மார்கழி விடியலில் நாகலூரில் யாரிடமாவது பேச வாயைத் திறந்தால், சொல்லுக்கு முன்னால் மூச்சு வெள்ளையாக வெளியே வரும். கையிலிருக்கும் வரக்காப்பி டம்ளரிலிருந்தும் அதே வெண்மை எழும். காப்பித் தோட்டத்துக்குக் கீழே பள்ளம் முழுக்கப் பனிமூட்டம். சில்வர் ஓக் மரங்களின் தலை தெரியும். மிளகுக்கொடி சுற்றிய அடிமரம் தெரியாது. இந்த மூன்றும் ஒன்றே. காற்றில் கண்ணுக்குப் படாமல் கலந்திருக்கும் நீர், குளிர் பட்டதும் நுண்துளியாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. வாயிலிருந்து வந்ததற்கும் டம்ளரிலிருந்து வந்ததற்கும் தமிழில் பெயரும் ஒன்றுதான்: ஆவி.

விவிலியத்தின் முதல் நூலில், இரண்டாம் வசனத்திலேயே இந்தச் சொல் நிற்கிறது. உலகம் இன்னும் உருவாகவில்லை. இருள், ஆழம், தண்ணீர். தண்ணீரின்மேல் கடவுளின் ஆவி. எபிரேய மூலத்தில் உள்ள சொல் ரூவாக். காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. அந்த வசனத்தில் எதைக் கொள்வது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். யூதர்களின் 1962-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு 'கடவுளிடமிருந்து வந்த காற்று' என்றே கொண்டது.

தமிழில் ஆவி என்ற சொல் விவிலியம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நிறைய வேலை பார்த்திருக்கிறது. நம்மாழ்வாருக்கு அது உயிர். சீவக சிந்தாமணியில் மெல்லிய துகிலுக்கு உவமை. வாய் திறந்து மூச்சு விடுவது ஆவித்தல். கொட்டாவியில் அது இன்றும் இருக்கிறது. இட்லி வேகிறதும் ஆவியில், சளி பிடித்தால் போர்வைக்குள் பிடிக்கிறதும் ஆவி. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது நன்னூல்தான். பவணந்தி முனிவர் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் ஆவி என்று சொல்கிறார். மெய்யெழுத்து தனியே ஒலிக்காது. ஆவி சேர்ந்தால்தான் வாய்க்குள் அசையும். இதை நினைத்துக்கொண்டு படைப்பு வரலாற்றைப் படித்தால் வரிசை துலங்குகிறது. கடவுள் முதன்முதலாகப் பேசுவது மூன்றாம் வசனத்தில், ஒளியை அழைக்கும்போது. அதற்கு முந்திய வசனத்தில் இருப்பது ஆவி. பேச்சுக்கு முன் மூச்சு.

இந்தச் சொல் எளிதாக வந்து உட்காரவில்லை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து தமிழ்க் கத்தோலிக்கர் ஜெபத்தில் சொல்லிவந்தது 'இஸ்பிரீத்து சாந்து'. 'தூய ஆவி' பரவியது மிகப் பின்னால். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீர்திருத்தச் சபை மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத்து வரை மொழிபெயர்த்து 1719-இல் இறந்தார். அந்தப் பணி சூல்ச், பப்ரிசியுஸ், இரேனியுஸ், பவர் என்று கைமாறி, 1871-இல் வந்த மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

நம் பக்கத்து மொழிகளைப் பாருங்கள். தெலுங்கில் ஆவிரி, கன்னடத்திலும் மலையாளத்திலும் ஆவி. பாத்திரத்திலிருந்து எழுவதற்கு அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய விவிலியத்தில் இந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது ஆத்மா. தமிழ்தான் அடுப்படிச் சொல்லை எடுத்து நீரின்மேல் வைத்தது. இது தமிழின் பேறு என்றே நினைக்கிறேன். ரூவாக்கின் காற்று இதில் விட்டுப்போனது உண்மை. ஆனால் மூச்சு இருக்கிறது. எபிரேயத்தில் இல்லாத ஈரமும் சேர்ந்திருக்கிறது.

1871-இன் மொழிபெயர்ப்பில் அது 'ஆவியானவர்'. 1995-இன் திருவிவிலியத்தில் வெறும் 'ஆவி'. மூவொரு கடவுளில் ஒருவரை அழைக்கும்போது மரியாதை விகுதி வேண்டும்தான். வழிபாட்டில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு வசனத்தில், 'ஆனவர்' சேர்ந்ததும் காதில் மூச்சும் ஈரமும் கேட்காமல் போகின்றன. எபிரேயத்தில் அங்கே ரூவாக் பெண்பால். அதன் வினைச்சொல்லும் பெண்பால் வடிவில்தான் இருக்கிறது.

அந்த வினையையும் சொல்ல வேண்டும். தமிழில் அசைவாடுதல் என்று வருகிறது. அதே வினை உபாகமம் 32-ஆம் அதிகாரத்தில், குஞ்சுகளின்மேல் சிறகடிக்கும் கழுகுக்கு வருகிறது. 4-ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார், சிரியர் ஒருவர் சொன்னதாக, முட்டையின்மேல் அமர்ந்து சூடேற்றும் பறவையை இவ்வசனத்துக்குப் பொருளாகத் தந்திருக்கிறார். நம் சொல் அடைகாத்தல். அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கையை விட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கோழி அங்கே அசையாமலும் இல்லை, அசைவதாகவும் தெரியாது.

நாகலூரில் வெயில் ஏறியதும் பனி பள்ளத்திலிருந்து மெல்லக் கிளம்பும். முதலில் மரங்கள், பிறகு கூரைகள், கடைசியில் தரை தெரியும். பிள்ளைகளுக்கு இந்த வசனத்தை வாசித்துக் காட்டுகிறவர்கள் முதலில் ஒரு இட்லிப் பானையின் மூடியைத் திறந்து காட்டுங்கள். பிறகு வாசியுங்கள்.