வழித்துணையாய் வந்த வானூர்தி

மரைன் ஹில் மேட்டில் நின்று துறைமுகத்தை நோக்கும் நமக்கு, விமானத்தின் ஒலி தாயக நினைவை எழுப்புகின்றது. ஆனால், 1942 முதல் 1945 வரை இதே வானில் எழுந்த ஒலி, இத்தீவு மக்களின் நெஞ்சை நடுங்கச் செய்தது. அவ்வொலிக்குப் பின்னே ஒரு பொறியியல் வரலாறும் உண்டு. ஒரு துயர வரலாறும் உண்டு.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றிற்று. ஏப்ரல் தொடக்கத்திலேயே அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் போர்ட் பிளேர்த் துறைமுகத்தைத் தாக்கின. அவை காவலின்றித் தனித்தே வந்தன. பெரிய விமானம் நெடுந்தொலைவு பறக்கும். எனினும் பகைவரின் வேகத்திற்கு ஈடுகொடாது. வேகமிக்க சண்டை விமானத்திற்கோ, அத்தொலைவு சென்று மீளப் பெட்ரோல் போதாது. ஆகவே வழித்துணை என்பது அப்போரின் பெருஞ்சிக்கலாயிற்று.

ஐரோப்பாவில் அதைத் தீர்த்து வைத்தது மஸ்டாங் விமானம். பிரிட்டனுக்கென அமெரிக்காவில் உருவாகி, 1940 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த அது, 1942இல் மெர்லின் எஞ்சின் பொருத்தப்பெற்று உயர்வானிலும் வலிமை பெற்றது. விமானியின் பின்னே கூடுதல் தொட்டி ஒன்றும், சிறகின்கீழ் வேண்டும்போது கழற்றிவிடத்தக்க தொட்டிகளும் அமைந்தன. 1944 மார்ச்சில் அது இங்கிலாந்திலிருந்து பெர்லின் வரை காவலாகச் சென்று மீண்டது.

அந்தமானைச் சுற்றிலுமோ கடல். ஓடுதளமே மிதந்து வரவேண்டும். அதற்கு வாய்த்தது 2,000 குதிரைத்திறன் கொண்ட கோர்சேர். அதன் சுழல்விசிறியின் விட்டம் ஏறத்தாழ 4 மீட்டர். விசிறி தரையில் தட்டாதிருக்கவே சிறகுகளை வளைத்தமைத்தனர். நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்தமையால், அது கப்பலில் இறங்கத் தகாது என அமெரிக்கர் முதலில் ஐயுற்றனர். ஆங்கிலேயரோ வளைந்து வந்து இறங்கும் முறையைக் கையாண்டனர். கப்பலின் உட்கூடத்தில் அடங்கும்படி சிறகின் நுனிகளையும் குறைத்தனர்.

1944 ஜூன் 19 அன்று, தமிழ்மணம் கமழும் திருகோணமலையிலிருந்து இல்லஸ்டிரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் புறப்பட்டது. இடைத்தொலைவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். 21ஆம் நாள் 15 பாரகுடா குண்டுவீச்சு விமானங்களும் 23 கோர்சேர்களும் போர்ட் பிளேர்த் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் தாக்கின.

அவ்விமானத்தளமோ, இத்தீவு மக்களை வருத்தி வேலை வாங்கி ஜப்பானியர் அமைத்தது. அத்தாக்குதலுக்கு ஐந்து திங்கள் முன்னர், ஜனவரி 30 அன்று, ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டி 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொன்றிருந்தனர். வானில் சென்றோர்க்கு வழித்துணை வாய்த்தது. மண்ணில் நின்றோர்க்கு எத்துணையும் இல்லை. 1945 அக்டோபரில்தான் ஜப்பானியர் இங்கே முறைப்படி சரணடைந்தனர்.

இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள இந்நகரில், லம்பா லைன் நிலையத்தில் விமானம் ஏறும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வைப்போம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த நம்மை ஏற்று வாழவைத்த மண், முன்னொருகால் துணையின்றித் தவித்த மண். இதனை நினைவில் வைத்து அயலார்க்குத் துணையாய் வாழ்வதே நாம் செலுத்தத்தக்க நன்றிக் கடன்.