தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பரங்கிக் கொடி



தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படர்ந்திருக்கும் பரங்கிக் கொடியை எடுத்துவிடலாமா, விட்டுவைக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம். புதர் மண்டினால் பாம்பு ஒளியும் என்கிறார்கள், மறுக்கவில்லை. கை தூக்கும் முன் அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

பெயரிலேயே கதை இருக்கிறது. பரங்கியர் என்றால் ஐரோப்பியர். பரங்கிமலை, பரங்கிப்பேட்டை மாதிரிதான் பரங்கிக்காயும். இந்த இனத்தின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் ஒஹாக்கா பகுதிக் குகை ஒன்றில் சுமார் 10,000 ஆண்டுப் பழைய விதைகள் கிடைத்திருக்கின்றன. 1492-ல் கொலம்பஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் மிளகாய், தக்காளியோடு இதுவும் கடல் தாண்டியது. ஆக, நம் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திர சோழன் பொங்கலுக்குப் பரங்கிக்காய்க் கூட்டு சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்லை! திருஷ்டிக்கு உடைக்கிறோமே சாம்பல் பூசணி, அதுதான் ஆசியாவின் சொந்தக் காய்.

போன தையில் இந்தக் கொடியில் 11 கிலோவில் ஒரு காய் கிடைத்ததும், இளைஞர்கள் சிலர் இணையத்தில் 'அட்லாண்டிக் ஜெயன்ட்' விதை வாங்கலாம் என்றார்கள். அந்த ராட்சசக் காய்களின் வரலாறும் வீட்டுத் தோட்டக்காரர்கள் எழுதியதுதான். கனடாவின் வில்லியம் வார்னாக் விளைவித்த 403 பவுண்டு (சுமார் 183 கிலோ) காய் 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குப் போனது. அந்தச் சாதனை 1976 வரை நின்றது. பிறகு அதே நாட்டில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி, பெரிய காய்களின் விதையையே வருஷா வருஷம் பொறுக்கி விதைத்து அட்லாண்டிக் ஜெயன்டை உருவாக்கினார். 1981-ல் அவருடைய காய் 493.5 பவுண்டு. 2023-ல் அமெரிக்காவில் ஒரு காய் 1,247 கிலோவை எட்டிவிட்டது. ஒரு சின்னக் கார் அளவு எடை.

ஆனால் அது குளிர்ச்சி கேட்கும் வேறு இனம். ரெட்டிபாளையத்து வெயிலுக்குத் தாக்குப்பிடிப்பது நம் நாட்டுப் பரங்கிதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகமே சராசரி 7, 8 கிலோதான். வயது சுமார் 175 நாள். ஆடியில் போட்டால் தைக்கு வரும். அந்தக் கணக்கில் நம் 11 கிலோ சாதாரணமில்லை. கீழ்த்தளத்துப் பாட்டி ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை அது. எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காது.

இன்னும் பெரிதாக வேண்டுமா? டில் செய்ததையே செய்யலாம். காலையில் பூ விரிந்ததும், அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவில் ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவுங்கள். கொடிக்கு ஒரே காயை விட்டு மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளுங்கள். மண்ணில் சுண்ணாம்பு அதிகம், அதனால் தொழுவுரம் தாராளமாகப் போட வேண்டும். மார்கழிக் கோலத்துக்குப் பூப் பறிப்பவர்களைத் திட்ட வேண்டாம். ஆண் பூ ஏராளமாகப் பூக்கும், அதை மட்டும் எடுத்தால் போதும்.

என் யோசனை இதுதான்: கொடியைப் பந்தலில் ஏற்றி, தரையைச் சுத்தமாக வைப்போம். காய்க்குக் கயிற்று உறி கட்டிவிடலாம். கூட்டம் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், இப்போதிருக்கும் காய் முற்றும்வரை பொறுங்கள். பாட்டியிடம் மிச்சம் இருப்பது ஒன்பது விதைதான்.