மூளைப்புயல்

மூளைப்புயல் அல்லது சிந்தனைக் கிளறல் என்பது, ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்குத் தீர்வு காணும் பொருட்டு, ஒரு குழுவினர் குறுகிய நேரத்தில் இயன்ற அளவு மிகுதியான கருத்துக்களை உருவாக்கும் நுட்பம் ஆகும். கருத்துக்களை உருவாக்குவதையும் அவற்றை மதிப்பிடுவதையும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிப்பதே இதன் அடிப்படை. விளம்பரத் துறையில் தோன்றிய இம்முறை, பின்னர் தொழிற்சாலைகள், அலுவலகங்கள், பள்ளிகள் எனப் பல இடங்களுக்கும் பரவியது. வாய்மொழியாக மட்டும் நடைபெறும் அமர்வுகள் எதிர்பார்த்த அளவு பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியமையால், எழுத்து வழியிலான மாற்று முறைகளும் உருவாக்கப்பட்டன.

வரலாறு

அமெரிக்க விளம்பர நிறுவனமான பி.பி.டி.ஓ.வின் நிறுவனர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்போர்ன் இம்முறையை உருவாக்கினார். 1948 இல் வெளியான "யுவர் கிரியேட்டிவ் பவர்", 1953 இல் வெளியான "அப்ளைடு இமாஜினேஷன்" ஆகிய அவரது நூல்கள் இதனைப் பரவலாக அறிமுகப்படுத்தின. இதைப் போன்றதொரு முறையை இந்தியாவில் இந்து சமய ஆசிரியர்கள் 400 ஆண்டுகளுக்கும் மேலாகக் கையாண்டு வந்துள்ளனர் என்றும், அம்முறையில் விவாதமோ குறைகூறலோ இடம்பெறுவதில்லை என்றும் ஆஸ்போர்ன் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்.

அடிப்படை விதிகள்

ஆஸ்போர்ன் நான்கு விதிகளை வகுத்தார்.

1. கருத்துக்கள் சொல்லப்படும்போது எவரும் குறை கூறக்கூடாது. மதிப்பீடு பின்னரே நடைபெற வேண்டும்.
2. வழக்கத்துக்கு மாறான, விந்தையான கருத்துக்களும் வரவேற்கப்பட வேண்டும்.
3. கருத்துக்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணிக்கை மிகுந்தால் நல்ல கருத்து கிடைக்கும் வாய்ப்பும் மிகும்.
4. பிறர் சொன்ன கருத்தை மேம்படுத்தலாம். இரண்டு கருத்துக்களை இணைத்துப் புதியதொன்றையும் உருவாக்கலாம்.

அமர்வை ஒருவர் நெறிப்படுத்துவார். மற்றொருவர் எல்லாக் கருத்துக்களையும் அனைவரும் காணும்படி பலகையில் எழுதுவார்.

ஆய்வுகளும் குறைபாடுகளும்

தனியே சிந்திப்பதை விடக் குழுவில் ஒருவரால் இரு மடங்கு கருத்துக்களைச் சொல்ல முடியும் என்பது ஆஸ்போர்னின் கூற்று. இதனை 1958 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். நால்வர் கூடிப் பேசிய குழுக்களின் கருத்துக்களும், தனித்தனியே சிந்தித்த நால்வரின் கருத்துக்களைத் தொகுத்த பட்டியலும் ஒப்பிடப்பட்டன. தனித்தனியே சிந்தித்தவர்களே ஏறத்தாழ இரு மடங்கு கருத்துக்களைத் தந்தனர்.

இதற்கான காரணங்களை மைக்கேல் டீல், வூல்ஃப்காங் ஸ்ட்ரோப ஆகியோர் 1987 இல் வெளியிட்ட ஆய்வில் ஆராய்ந்தனர். பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

- தடைப்படுதல்: ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். தம் முறைக்காகக் காத்திருப்பவர் தம் கருத்தை மறந்துவிடுகிறார், அல்லது புதிதாகச் சிந்திக்க இயலாமல் போகிறார். இதுவே முதன்மைக் காரணம் என இவ்வாய்வு கண்டது.
- மதிப்பீட்டு அச்சம்: பிறர் தம்மைத் தாழ்வாக எண்ணுவர் என்ற தயக்கம்.
- முயற்சிக் குறைவு: மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று எண்ணி வாளாவிருத்தல்.

மேலதிகாரியும் பணியாளரும் ஒன்றாக அமரும் கூட்டங்களில் இரண்டாவது காரணம் வலுப்பெறக்கூடும். மூத்தவர் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால், இளையவர்கள் அதற்கு மாறாகப் பேசத் தயங்குவர்.

எழுத்து வழி முறைகள்

6-3-5 முறை: இதனை ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் ரோர்பாக் 1960களின் இறுதியில் உருவாக்கினார். ஆறு பேர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் மூன்று கருத்துக்களைத் தாளில் எழுதி, அடுத்தவரிடம் தருவர். அவர் அவற்றைப் படித்து மேலும் மூன்றை எழுதுவார். ஆறு சுற்றுக்கள் முடிகையில், 30 நிமிடத்தில் 108 கருத்துக்கள் வரை கிடைக்கும்.

பெயரளவுக் குழு முறை: ஆந்த்ரே டெல்பெக், ஆண்ட்ரூ வான் டி வென் ஆகியோர் 1971 இல் முன்வைத்தனர். உறுப்பினர்கள் முதலில் அமைதியாகத் தனித்தனியே எழுதுவர். பின்னர் ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு கருத்தாகச் சொல்வர். ஐயங்கள் தெளிவுபடுத்தப்பட்ட பின் மறைவாக்குகளால் கருத்துக்கள் வரிசைப்படுத்தப்படும்.

இந்தியாவில் பயன்பாடு

இந்தியத் தொழிற்சாலைகளில் மூளைப்புயல் முறை பெரும்பாலும் தரவட்டங்கள் வழியாகப் பரவியது. தரவட்டம் என்பது ஒரே பணிப்பிரிவைச் சேர்ந்த சிலர் ஒழுங்காகக் கூடித் தம் பணியிடச் சிக்கல்களை ஆராயும் சிறு குழுவாகும். 1962 இல் ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் தொடங்கிய இவ்வமைப்பு, 1980 இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஐதராபாத் ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1982 இல் இந்தியத் தரவட்டப் பேரவை நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில், சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்குப் பிரிவு 1998 இல் டெமிங் பரிசைப் பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் இதுவே. ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002 இல் இதே பரிசைப் பெற்றது.

எடுத்துக்காட்டு

சிறு தொழில்களுக்கும் இம்முறை பொருந்தும். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, களம்பூர் வட்டாரத்தில் உள்ளதைப் போன்ற ஒரு பட்டு நெசவுக் குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். "பட்டுச் சேலை விற்பனையை உயர்த்துவது எப்படி?" என்ற கேள்வி மிக விரிந்தது. "நெய்யும்போது பாவு இழை அறுவதைக் குறைப்பது எப்படி?" என்று கேட்டால் கருத்துக்கள் தெளிவாக வரும். நெய்பவர், பாவு ஓட்டுபவர், சாயமிடுபவர் ஆகியோர் பேசாமல் ஆளுக்கு மூன்று கருத்துக்களை எழுதலாம். பாவின் இறுக்கம், தேய்ந்த அச்சு, அறையின் வறண்ட காற்று, சாயமிடும்போது இழை வலுவிழத்தல் என வெவ்வேறு காரணங்கள் வெளிவரக்கூடும். தறி உரிமையாளர் தம் கருத்தை இறுதியில் சொன்னால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள். பின்னர் எளிதில் சோதிக்கத்தக்க ஒன்றிரண்டைத் தேர்ந்து ஒரு தறியில் மட்டும் செய்து பார்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

- தரவட்டம்
- ஆறு சிந்தனைத் தொப்பிகள்
- மீன்முள் வரைபடம்
- ஆரணிப் பட்டு